சிஎஸ்ஆர் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? கடலூர், புதுச்சேரி கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு பக்கமோ ஒரு நடுத்தரக் கம்பெனியில் ஹெச்.ஆர். பிரிவிலோ கணக்குப் பிரிவிலோ இருக்கிறீர்கள். ஒருநாள் எம்.டி. கூப்பிட்டு, "இந்த வருஷத்திலேர்ந்து நமக்கும் சிஎஸ்ஆர் வருதாம், நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிடுகிறார். சிஎஸ்ஆர் என்றால் கம்பெனி தன் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டிய சட்டக் கடமை. பெரும்பாலானவர்களுக்கு இந்த வேலை இப்படித்தான் வந்து சேர்கிறது. சமூகப் பணி படித்தவர்களைத் தேடி வேலைக்கு எடுப்பதெல்லாம் பெரிய கம்பெனிகளில்தான்.

எனக்கும் அப்படித்தான் வந்தது. முதல் வருஷம் நாங்கள் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரை முழுவதற்கும் அதுதான் காரணம். பணம் செலவாகவில்லை என்பது பிப்ரவரி கடைசியில்தான் எங்களுக்கு உறைத்தது. அவசர அவசரமாகப் பக்கத்துக் கிராமத்தில் ஓர் ஆர்.ஓ. குடிநீர் நிலையம் வைத்தோம், மார்ச் கடைசி வாரத்தில் ரிப்பன் வெட்டினோம், சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்து ஆண்டறிக்கையில் சேர்த்தோம். ஏழாவது மாதம் அது நின்றுபோனது. மெம்பிரேன் அடைத்துக்கொண்டது, மாற்றப் பணமில்லை. கரன்ட் பில்லை ஊராட்சி கட்டுவதா, கம்பெனி கட்டுவதா என்பது எந்தக் காகிதத்திலும் எழுதப்படவில்லை. நான் போய்ப் பார்த்தபோது குடத்தோடு நின்ற ஓர் அக்கா கோபப்படாமல் சொன்னார்: "தம்பி, இதுக்குப் பதிலா அந்தப் பழைய கைப்பம்பைச் சரிபண்ணிக் குடுத்திருந்தாலே போதுமே." அவரிடம் யாரும் முன்கூட்டியே கேட்டிருக்கவில்லை.

அதனால் கீழே சட்டம், கணக்கு, காகிதம் எல்லாம் வரும், ஆனால் நான் திரும்பத் திரும்ப இரண்டு இடத்துக்கே வருவேன். திட்டம் போடுவதற்கு முன் ஊரில் போய்க் கேட்பது ஒன்று. திறப்பு விழாவுக்குப் பிந்தைய செலவை முதல்நாளே பட்ஜெட்டில் எழுதுவது மற்றொன்று.

முதலில், உங்கள் கம்பெனிக்கு இது பொருந்துமா?

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்று சட்டம் மூன்று வரம்புகளை வைத்தது. ஏதாவது ஒன்றைத் தொட்டால் போதும். நம் பகுதியில் பெரும்பாலும் லாப வரம்பில்தான் மாட்டுவார்கள். இந்த எண்களும் விதிகளும் அவ்வப்போது திருத்தப்படுபவை, அதனால் ஒவ்வொரு ஆண்டும் கணக்கைத் தொடங்கும்முன் கம்பெனி செக்ரட்டரியிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பொருந்தும் என்றால், கடந்த மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் செலவழிக்க வேண்டும். மூன்று வருஷம் ஆகாத கம்பெனி என்றால் ஆன வருஷங்களின் சராசரி.

இங்கே "நிகர லாபம்" என்பது லாப நட்டக் கணக்கின் கடைசி வரியில் இருக்கும் எண் கிடையாது. பிரிவு 198இன்படி தனியாகக் கணக்கிட வேண்டும். வருமான வரியைக் கழிப்பதற்கு முந்தைய லாபத்தைத்தான் எடுப்பார்கள். வெளிநாட்டுக் கிளைகளின் லாபம் சேராது. ஆடிட்டரை வைத்து இந்த எண்ணை எழுத்தில் வாங்கிவிடுங்கள், பின்னால் வரும் எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

கணக்குக்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மூன்று வருஷ லாபம் 6 கோடி, 9 கோடி, 12 கோடி. சராசரி 9 கோடி. அதில் 2 சதவீதம் 18 லட்சம் ரூபாய். கடைசி வரை இந்த 18 லட்சத்தோடேயே போகலாம்.

தொகை 50 லட்சத்தைத் தாண்டாவிட்டால் தனியாக சிஎஸ்ஆர் கமிட்டி அமைக்க வேண்டியதில்லை, இயக்குநர் குழுவே அந்த வேலையைச் செய்யலாம். தாண்டினால் கமிட்டி வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒரு விலக்கு இருக்கிறது, கீழே செலவாகாத பணத்தைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

ஊருக்குப் போவது

சரி, தொகை தெரிந்துவிட்டது. அடுத்த வேலை மீட்டிங் அறையில் இல்லை. எந்தத் திட்டம் என்று யாரும் முடிவு செய்வதற்கு முன்பே, ஜனவரியிலேயே கிளம்பிவிடுங்கள்.

கம்பெனி இயங்கும் இடத்துக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கடலூர் சிப்காட் கம்பெனி என்றால் குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு என்று வாசலிலேயே ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள்தான் நம் லாரிகளின் புழுதியையும் புகையையும் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களை விட்டுவிட்டுத் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில் மராத்தான் நடத்துவது எனக்கு எப்போதுமே ஒப்பாத காரியம்.

தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் கிராம சபை நல்ல இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. ஜனவரி 26 கூட்டத்துக்குப் போய் மேடையில் உட்காராமல் கூட்டத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நல்ல யோசனை வந்தால் ஊராட்சித் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள், பின்னால் அனுமதி வாங்கும்போது அந்த ஒரு தாள் பல நடையை மிச்சம் பிடிக்கும். புதுச்சேரியில் நிலைமை வேறு. அங்கே உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக 2006இல்தான் நடந்தது, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011இல் முடிந்துவிட்டது. கொம்யூன் பஞ்சாயத்து ஆணையரையும் அந்தந்தத் துறை அலுவலகத்தையும் பார்க்க வேண்டும், ஊர் மக்களை நீங்களே தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். அதோடு நம் பகுதியில் எல்லை பின்னிப் பின்னிக் கிடக்கிறது. பாகூர்ப் பக்கம் கம்பெனி இருக்கும், நடந்து போகிற தூரத்தில் இருக்கும் பள்ளிக்கூடம் கடலூர் மாவட்டத்தில் இருக்கும். எந்த அரசின் கீழ் வருகிறது என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளாவிட்டால் மனு தவறான மேசையில் இரண்டு மாதம் தூங்கும்.

மீனவர் ஊர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற ஊர்களில் அரசாங்கத்தின் அமைப்பு ஒருபக்கம் இருந்தாலும் ஊர்ப் பஞ்சாயத்தின் பேச்சுக்குத் தனி எடை உண்டு. அவர்களிடம் சொல்லாமல் உள்ளே போய் அளவெடுக்க ஆரம்பித்தால் மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் இருப்பார்கள். மீன் விற்கப் போகும் பெண்கள் காலை ஏலம் முடிந்து கூடையோடு கிளம்பிவிடுவார்கள், சாயங்காலம் திரும்பிய பிறகு தனியாகப் போய்ப் பேசுங்கள். கழிப்பறை, தண்ணீர், கூடையை வைக்க நிழல் என்று அவர்கள் சொல்லும் பட்டியல் ஆண்களின் பட்டியலிலிருந்து நிச்சயம் வேறாக இருக்கும்.

கேட்கும்போது "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஏற்கெனவே இருப்பதில் எது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை என்று கேளுங்கள். புதிதாக ஒன்று கட்டும் செலவில் கால்வாசியில் பழையது நான்கு உயிர்பெறும் இடங்கள் நிறைய இருக்கின்றன.

எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது

சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். பசி, வறுமை, மருத்துவம், சுகாதாரம், குடிநீர், கல்வி, தொழிற்பயிற்சி, பெண்கள், முதியோர், சுற்றுச்சூழல், கலை, விளையாட்டு, கிராம மேம்பாடு என்று அகலமான பட்டியல் அது. 2019இல் பேரிடர் மேலாண்மையும் சேர்ந்தது. நிவாரணம், மறுவாழ்வு, மறுகட்டமைப்பு எல்லாம் அதில் அடக்கம்.

எதெல்லாம் சேராது என்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். கம்பெனியின் வழக்கமான தொழிலாகச் செய்வது சேராது. ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படுவது சேராது. கட்சி நன்கொடை சேராது. விளம்பரத்துக்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் சேராது, கோயில் திருவிழாவுக்குக் கம்பெனி பெயர் போட்ட வளைவு வைப்பதெல்லாம் இதில்தான் வரும். கம்பெனித் தயாரிப்பையோ பழைய கம்ப்யூட்டரையோ கொடுத்துவிட்டு அதற்கு ஒரு விலை போட்டு சிஎஸ்ஆர் என்று எழுத முடியாது, பணமாகச் செலவாகியிருக்க வேண்டும். ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமை கடற்கரையைச் சுத்தம் செய்தால் நல்லது, தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் அவர்களுடைய நேரத்துக்கு மதிப்புப் போட்டு இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

வேறொரு சட்டப்படி நாம் செய்தே ஆக வேண்டியதும் சேராது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ரசாயனக் கம்பெனிகள் நிறைந்த ஊர் நம்முடையது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியில் நிபந்தனையாக வந்த மரம் நடுதலும், நம் கழிவுநீரை நாமே சுத்திகரிப்பதும் நம் கடமை. அதைச் சமூகத் தொண்டு என்று எழுதினால் ஊர்க்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

இன்னொன்று, 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் என்று அடி வாங்கிய கரை இது. புயல் முடிந்ததும் முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் காசோலை கொடுக்கலாம் என்று மேலே இருந்து சொல்வார்கள். கொடுக்கட்டும், ஆனால் அந்த நிதி ஏழாவது அட்டவணையில் இல்லை, மத்திய அரசும் 2020இல் இதைத் தெளிவாக்கிவிட்டது. பிரதமரின் தேசிய நிவாரண நிதி பட்டியலில் உண்டு. நேரடியாகவோ பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் மூலமாகவோ இங்கேயே நிவாரண வேலை செய்தாலும் கணக்கில் வரும்.

பட்ஜெட் எழுதுவது

இப்போது நம் 18 லட்சத்துக்கு வருவோம். ஊரில் கேட்டதில் அரசு உயர்நிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை போதவில்லை என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சாதாரணமாக எழுதும் பட்ஜெட்டில் கட்டுமானம் 17 லட்சம், திறப்பு விழா 1 லட்சம் என்று முடிந்துவிடும். அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்.

கட்டுமானம் 10,50,000. மோட்டார், தொட்டி, குழாய் 1,50,000. பகுதிநேரத் துப்புரவுப் பணியாளருக்கு மாதம் 6,000 வீதம் 36 மாதத்துக்கு 2,16,000. பினாயில், பிளீச்சிங் பவுடர், தாழ்ப்பாள், குழாய் ரிப்பேர் என்று மாதம் 2,500 வீதம் 36 மாதத்துக்கு 90,000. வெளியாள் ஒரு பொறியாளரை வைத்துத் தரம் பார்க்க 30,000. நிர்வாகச் செலவு 60,000. மீதி 2,04,000 மழைக்காலத்துக்கு ஒதுக்கீடு, டிசம்பர் வரை புயல் வெள்ளம் எதுவும் வராவிட்டால் பக்கத்து அங்கன்வாடிக்கு என்று முன்கூட்டியே எழுதி வைத்தது. கூட்டிப் பாருங்கள், 18 லட்சம் சரியாக வரும்.

தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். தாழ்ப்பாளுக்கும் துப்புரவுப் பணியாளர் சம்பளத்துக்கும் பட்ஜெட்டில் இடம் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த உதாரணம். தாழ்ப்பாள் உடைந்த கழிப்பறைக்குள் எந்தப் பெண் பிள்ளையும் போகமாட்டாள், 10 லட்சம் ரூபாய்க் கட்டடம் 80 ரூபாய்ச் சாமானால் பூட்டிக் கிடக்கும்.

நிர்வாகச் செலவு அந்த ஆண்டின் மொத்த சிஎஸ்ஆர் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, நம் கணக்கில் 90,000 வரை போகலாம். திட்டத்துக்கென்றே நேரடியாக ஆகும் செலவு இந்த உச்சவரம்பில் வராது. ஒப்பந்ததாரர் மதிப்பீட்டை ஜிஎஸ்டி சேர்த்தே வாங்குங்கள், 2023 அக்டோபர் 1 முதல் சிஎஸ்ஆருக்கு வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் உள்ளீட்டு வரி வரவு (கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதி) கிடையாது. வருமான வரியிலும் சிஎஸ்ஆர் செலவைத் தொழில் செலவாகக் கழிக்க முடியாது. இந்த இரண்டையும் முதலிலேயே எம்.டி.யிடம் சொல்லிவிட்டால் பின்னால் உங்கள் மேல் வருத்தம் வராது.

கட்டி முடித்ததைக் கம்பெனி பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. அரசு அமைப்பு, பயனாளிகளின் குழு, பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் இவற்றில் ஒன்றின் பெயரில்தான் சொத்து இருக்க வேண்டும். பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலக அனுமதியும் பள்ளி மேலாண்மைக் குழுவின் சம்மதமும் கையில் இல்லாமல் ஒரு செங்கல்கூட இறக்காதீர்கள். ஏரி, குளம் தூர்வார ஆசைப்பட்டால் அது ஊராட்சியுடையதா, நீர்வளத் துறையுடையதா என்று முதலில் கேளுங்கள், வழி முற்றிலும் வேறு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி திட்டத்தின் வழியாகவும் உதவலாம், தனியாக ஆள் வைத்துச் செய்ய முடியாத சின்ன கம்பெனிகளுக்கு அது வசதி.

யார் செய்வது

கம்பெனியே நேரடியாகச் செய்யலாம், அல்லது அறக்கட்டளை, சங்கம், லாப நோக்கமில்லாத பிரிவு 8 கம்பெனி போன்றவை மூலம் செய்யலாம். வெளி அமைப்பு என்றால் சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்து பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும் (2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயம்), 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள் இருக்க வேண்டும், இதே மாதிரி வேலையில் மூன்று வருஷ அனுபவம் இருக்க வேண்டும். எண் இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். மூன்று வருஷத்துக்கு முன் அவர்கள் முடித்த ஒரு வேலையைக் காட்டச் சொல்லி, அவர்கள் கூட வராமல் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

பணத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடாமல் தவணையாகக் கொடுங்கள். ஒப்பந்தம் போட்டதும் 40 சதவீதம், கூரை மட்டம் வந்ததும் 40, ஒப்படைத்ததும் 20 என்று நான் வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு தவணைக்கும் பில் நகல், பயன்பாட்டுச் சான்றிதழ் இரண்டும் வேண்டும். கொடுத்த பணம் சொன்ன வேலைக்குத்தான் செலவாயிற்று என்று கம்பெனியின் நிதித் தலைவர் சான்றளிக்க வேண்டும் என்பது விதி, அவர் கையெழுத்துப் போடும்போது காட்ட உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும்.

காலண்டர், செலவாகாத பணம்

நிதியாண்டு ஏப்ரலில் ஆரம்பிக்கிறது. பள்ளிக்கூடம் மே மாதம் காலியாக இருக்கும். ஐப்பசி பிறந்தால் மழை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வேலை செய்ய உங்களுக்கு உண்மையில் கிடைப்பது ஐந்து மாதம்தான். அதனால் ஜனவரியில் ஊர், பிப்ரவரியில் மதிப்பீடும் அனுமதி மனுவும், மார்ச்சில் ஆண்டுச் செயல்திட்டத்தின் வரைவு, ஏப்ரலில் போர்டு ஒப்புதல், மே மாதம் அஸ்திவாரம், செப்டம்பரில் ஒப்படைப்பு. ஏப்ரலில் போன வருஷக் கணக்கு தணிக்கை ஆகியிருக்காது, பரவாயில்லை, தோராய லாபத்தை வைத்து ஒப்புதல் வாங்கிவிட்டு அப்புறம் திருத்திக்கொள்ளலாம். செயல்திட்டத்தில் என்ன திட்டம், யார் செய்வது, பணம் எப்போது, யார் கண்காணிப்பது என்பதெல்லாம் இருக்க வேண்டும்.

மார்ச் 31க்குள் செலவாகாத பணத்துக்கு இரண்டு வழி. போர்டு அதைத் தொடர் திட்டமாக, அதாவது ஒரு வருஷத்துக்கு மேல் நீளும் திட்டமாக, முன்பே ஒப்புக்கொண்டிருந்தால், மீதியை ஏப்ரல் 30க்குள் வங்கியில் செலவாகாத சிஎஸ்ஆர் கணக்கு என்று தனிக் கணக்கு திறந்து மாற்றி, மூன்று நிதியாண்டுக்குள் அதே திட்டத்துக்குச் செலவழிக்க வேண்டும். தொடர் திட்டம் இல்லையென்றால் செப்டம்பர் 30க்குள் ஏழாவது அட்டவணையில் உள்ள ஏதாவது ஒரு நிதிக்குப் போய்விட வேண்டும், அதாவது ஊருக்குச் சேர வேண்டிய பணம் ஊரை விட்டுப் போய்விடும். இரண்டும் செய்யாவிட்டால் கம்பெனிக்கு அந்தத் தொகையைப் போல் இரண்டு மடங்கு அல்லது 1 கோடி, இதில் எது குறைவோ அது அபராதம், பொறுப்பான அதிகாரிகளுக்குத் தனியாக 2 லட்சம் வரை.

நம் உதாரணத்தில் 36 மாதப் பராமரிப்புக்கு 3,06,000 வைத்தோம் இல்லையா? செப்டம்பரில் ஒப்படைத்தால் மார்ச்சுக்குள் ஆறு மாதத்துக்கு 51,000 செலவாகும், மீதி 2,55,000. முதலிலேயே தொடர் திட்டம் என்று தீர்மானம் போட்டிருந்தால் அது தனிக் கணக்குக்குப் போய் அடுத்த 30 மாதமும் துப்புரவுப் பணியாளர் சம்பளத்துக்கும் ரிப்பேருக்கும் வரும். தீர்மானத்தில் அந்தச் சொல் இல்லாவிட்டால் அந்தப் பணம் கையை விட்டுப் போய்விடும். நான் மேலே சொன்ன விலக்கு இங்கேதான்: அந்தத் தனிக் கணக்கில் பணம் இருக்கும் வரை, உங்கள் தொகை 50 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் சிஎஸ்ஆர் கமிட்டி அமைத்தாக வேண்டும்.

கூடுதலாகச் செலவாகிவிட்டால் கவலை வேண்டாம், போர்டு தீர்மானத்தோடு அடுத்த மூன்று நிதியாண்டுகளில் கழித்துக்கொள்ளலாம்.

வருஷ முடிவில் போர்டு அறிக்கையோடு சிஎஸ்ஆர் அறிக்கை, அப்புறம் சிஎஸ்ஆர்-2 படிவம், கம்பெனிக்கு இணையதளம் இருந்தால் அதில் கொள்கையும் திட்டப் பட்டியலும். இதெல்லாம் செக்ரட்டரி பார்த்துக்கொள்வார், நீங்கள் கோப்பை ஒழுங்காக வைத்திருந்தால் போதும். மூன்று வருஷ சராசரிக் கடமை 10 கோடியைத் தொடும் கம்பெனிகள் 1 கோடியோ அதற்கு மேலோ ஆகும் திட்டங்களுக்கு வெளியாளை வைத்துத் தாக்க மதிப்பீடு (திட்டத்தால் என்ன பலன் என்ற ஆய்வு) செய்ய வேண்டும், நம் அளவுக்கு அது வராது.

ஒப்படைக்கும் அன்று சுவரில் பளிங்குக் கல்வெட்டு வைக்க மேலிடத்தில் விரும்புவார்கள். அதன் பக்கத்தில் தகரத்தில் இன்னொரு பலகை வையுங்கள், தமிழில், பெரிய எழுத்தில்: மொத்தச் செலவு எவ்வளவு, பராமரிப்பு எந்த மாதம் எந்த வருஷம் வரை, கரன்ட் பில் யார் பொறுப்பு, ஏதாவது உடைந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். அந்த எண் கம்பெனி வரவேற்பறையின் பொது எண்ணாக இருக்க வேண்டாம். உங்கள் மேசையில் இருக்கும் எண்ணாக இருக்கட்டும்.